அஸூயை என்னும் அபசாரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் எம்பெருமானார் திருவவதரித்த ஸ்தலம் ஸ்ரீபெரும்பூதூர். இன்று ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்குப் பல்லாயிரவர் செல்லும் பாதையில் உள்ள இவ்வூரில், ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியில் தானுகந்த திருமேனியாக எழுந்தருளியிருக்கும் உடையவரை ஸேவிக்கிறோம். அவருக்கு இளமையில் வந்த பேராபத்து பகைவரால் வந்ததன்று. பாடம் சொன்ன ஆசிரியரின் பொறாமையால் வந்தது.

திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர், வேதாந்த வாக்யங்களுக்குச் சிஷ்யர் கூறிய பொருள் தம் பொருளினும் பொருந்தியிருக்கக் கண்டு பொறுக்க மாட்டாதவரானார். குறை கூறுவதில் தொடங்கிய அது, காசி யாத்திரை என்று அழைத்துச் சென்று உயிரை முடிக்கும் எண்ணம் வரை வளர்ந்தது. பிற்காலத்தில் எம்பார் எனப்பட்ட கோவிந்தர் வழியில் எச்சரிக்க, பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும் வேடுவத் தம்பதியாய் வந்து இளையாழ்வாரைக் காத்தருளினர் என்கிறது குருபரம்பரை.

வெளியாரிடம் மட்டுமே இந்நோய் உண்டு என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. முதலியாண்டான் திருவம்சத்தில் வந்த கந்தாடை தோழப்பர், திருவரங்கத்தில் நம்பிள்ளையின் கோஷ்டி பெருகுவதைக் கண்டு பொறாது, ஒருநாள் அவரைக் கடுஞ்சொற்களால் அவமதித்தார். நம்பிள்ளை மறுமொழி கூறாமல் திரும்பினார். செய்தி அறிந்த தோழப்பரின் தேவியார் கணவரைக் கண்டித்துத் திருத்தினார். மனம் கசிந்த தோழப்பர் மன்னிப்பு வேண்டப் புறப்பட்டுக் கதவைத் திறந்தபோது, வாசலில் நம்பிள்ளையே காத்துக் கிடந்தார்! ஆண்டான் வம்சத்தவர் திருவுள்ளம் கலங்கத் தாம் காரணமானோமே என்று அவர் வருந்தி நின்றார். இவர் சிலருக்கு மட்டுமன்று, உலகுக்கே ஆசார்யர் என்று உணர்ந்த தோழப்பர் ‘லோகாசார்யர்’ என்னும் திருநாமத்தை அவருக்குச் சூட்டினார்.

பிறர் ஏற்றம் பொறாமை ஏன் இத்தனை கொடிது? அடியார் ஒருவருக்கு வந்த ஞானமும் புகழும் கைங்கர்யமும் எம்பெருமான் தந்தவை. அவற்றைக் கண்டு வெதும்புகிறவன், கொடுத்தவனிடமே குறை காண்கிறான். அன்றியும், அனைவரும் அவனுக்கே சேஷபூதர் என்றால் ‘எனக்கு வரவேண்டியது அவனுக்குப் போயிற்று’ என்ற எண்ணத்துக்கு இடமேது? அவ்வெண்ணம் எழுந்தபோதே அடியேன் என்ற சொல் பொய்யாகிறது. கீதையின் ஒன்பதாம் அத்யாயத் தொடக்கத்தில் கண்ணன் பரம ரஹஸ்யத்தைச் சொல்லப் புகும்போது, அர்ஜுனன் அஸூயையற்றவன் என்பதையே தகுதியாகக் காட்டுகிறான்.

அப்படியானால் தவறைக் கண்டிக்கவே கூடாதோ? கூடும், ஹிதம் சொல்வது ஆசார்யர்களின் கடமை. தோழப்பரைத் தேவியார் கண்டித்ததும் ஹிதமே. ஆனால் அஸூயை ஹிதத்தின் வேடத்தில்தான் வரும்: ‘ஸம்ப்ரதாயத்தைக் காக்கவே பேசுகிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும். நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நாம் சொன்ன குறை பொய்யென்று தெரிந்தால் மகிழ்வோமா, ஏமாற்றமடைவோமா? அவரிடம் தனியே சொல்ல முடிந்ததை ஏன் பிறரிடம் சொன்னோம்? நம் உத்யோகத்திலும் கோஷ்டியிலும் நமக்குச் சமமானவரின் குறை மட்டும் ஏன் நம் கண்ணில் பெரிதாகப் படுகிறது?

அபசாரம் நேர்ந்துவிட்டால் புகல் ஒன்றே. அம்பரீஷனிடம் அபசாரப்பட்ட துர்வாஸர் மூவுலகும் ஓடினார். எம்பெருமானும் அவரை அம்பரீஷனிடமே போகச் சொன்னான். யாரை நோகச் செய்தோமோ அவர் வாசலுக்கே நாம் செல்லவேண்டும்.

சென்றவர்க்கு வழி அடைபடுவதில்லை. யாதவப்பிரகாசரும் பின்னாளில் எம்பெருமானார் திருவடி பணிந்து கோவிந்த ஜீயரானார். யதிதர்ம ஸமுச்சயம் அருளினார். தோழப்பர் சூட்டிய திருநாமத்தையோ வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் குமாரருக்கு இட்டார். அவரே பிள்ளை லோகாசார்யர். பாகவதாபசாரத்தின் கொடுமையை ஸ்ரீவசனபூஷணத்தில் நமக்கு உணர்த்தியவர். அஸூயையை விட்ட ஒருவர் வாயில் பிறந்த திருநாமத்தையே நாம் இன்றும் தனியனில் அநுஸந்திக்கிறோம்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.