ஆசனமும் ஆறு ஆதாரங்களும்

யோக மரபில் சக்கரம் என்பது முதுகுத்தண்டின் நடுவே ஓடுவதாகச் சொல்லப்படும் சுழுமுனை நாடியில் அமைந்த நுண்ணிய மையம். தமிழ்ச் சைவத்திலும் சித்தர் நூல்களிலும் இதற்கு ஆதாரம் என்ற பெயரே பெருவழக்கு. மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை என ஆதாரங்கள் ஆறு. அவற்றுக்கு மேலே உச்சந்தலையில் ஆயிரம் இதழ்த் தாமரையான சகஸ்ராரம். கீழிருந்து ஐந்தும் நிலம், நீர், தீ, காற்று, வெளி ஆகிய ஐம்பூதங்களுக்கு உரியவை. புருவ நடுவில் உள்ள ஆறாவது மனத்துக்கு உரியது. ஆறும் தாமரைகளாகவே வர்ணிக்கப்படுகின்றன; இதழ்கள் முறையே 4, 6, 10, 12, 16, 2. கூட்டினால் 50 வரும். வடமொழி எழுத்துகளும் 50 என்று கொண்டு, இதழுக்கு ஓர் எழுத்தாக வைத்தார்கள். ஒலியும் மூச்சும் உடலும் ஒரே சக்தியின் வடிவங்கள் என்ற தாந்திரிகக் கொள்கை இந்த அமைப்பின் உயிர்.

எல்லா நூல்களும் ஆறு என்று சொல்வதில்லை. குறைத்தும் கூட்டியும் சொல்லும் தந்திர நூல்கள் பல. ஆறு என்ற முறை ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குப்ஜிகாமத தந்திரத்தில் தெளிவாகக் காணப்படுகிறது; பின்னர் அதுவே நிலைபெற்றது. தமிழில் திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கு ஒதுக்குகிறது. ஔவையாரின் விநாயகர் அகவல், மூலாதாரத்தில் பாம்புபோல் சுருண்டு உறங்குவதாகச் சொல்லப்படும் குண்டலினி சக்தி எழுவதைப் பாடுகிறது. சைவர்கள் ஆதாரங்களை நிலத்திலும் கண்டார்கள்: திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை.

இந்த மரபில் ஆதாரங்கள் கடந்து செல்ல வேண்டிய படிகள். குண்டலினி மேலேறும்போது நிலம் நீரில் ஒடுங்குகிறது, நீர் தீயில், தீ காற்றில், காற்று வெளியில். எல்லாம் ஒடுங்கிய இடத்தில் சக்தி சிவத்தோடு சேர்கிறது. ஆறு மையங்களையும் ஒரே அளவில் சமன் செய்துவைத்துக்கொண்டு உலக வாழ்வை இதமாக நடத்துவது இந்நூல்களின் நோக்கத்தில் இல்லை. இன்று பரவலாகப் பேசப்படும் ‘சக்கர சமநிலை’க்கும் மூல மரபுக்கும் உள்ள பெரிய இடைவெளி இதுதான்.

சக்கரங்கள் உடலில் உண்மையாகவே இருக்கின்றனவா என்ற கேள்வியும் பழையது. பிற்காலத்தில் ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி, இளந்துறவியாக கங்கைக் கரையில் திரிந்த நாளில், ஆற்றில் மிதந்து வந்த பிணத்தை இழுத்து அறுத்துப் பார்த்தார். நூல்கள் வர்ணித்த தாமரைகள் எவையும் கிடைக்கவில்லை. கையிலிருந்த யோக நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் விட்டதாக அவரே தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கண்ணால் கண்டு உறுதிசெய்ய வேண்டும் என்ற அந்த நேர்மை மதிக்கத்தக்கது. ஆனால் அவர் தேடிய இடம் வேறு. மூலாதாரத்தில் யானை, மணிபூரகத்தில் ஆட்டுக்கடா, அநாகதத்தில் மான், அவற்றோடு தெய்வங்களும் பீஜம் எனப்படும் வித்தெழுத்துகளும் இருப்பதாக நூல்கள் சொல்வது தியானத்தில் அமைத்துக்கொள்ள வேண்டிய காட்சியை. கத்திக்கு அகப்படும் உறுப்பாக எடுத்துக்கொண்டால் சக்கரம் பொய்யாகிவிடும். மனம் ஊன்றி நிற்பதற்கான இடமாக எடுத்துக்கொண்டால் நூலுக்கு நூல் எண்ணிக்கை மாறுவதும் முரணாகத் தோன்றாது.

இனி ஆசனம். யோக சூத்திரத்தின் ஆசிரியர் பதஞ்சலி மூன்று சூத்திரங்களில் ஆசனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார். அசையாமல் இதமாக அமர்வதே அவருக்குப் போதும். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹட யோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விளக்குகிறது. ஆறு சக்கரங்களைத் தனித்தனியே வர்ணிக்கும் பகுதி அதில் இல்லை. இன்ன சக்கரத்துக்கு இன்ன ஆசனம் என்ற பட்டியலும் இல்லை. எனினும் ஆசனத்துக்கும் குண்டலினிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மச்சேந்திராசனம் குண்டலினியை எழுப்பும் என்று பிரதீபிகையும், புஜங்காசனம் அதையே செய்யும் என்று மற்றொரு ஹடயோக நூலான கேரண்ட சம்ஹிதையும் கூறுகின்றன.

உடலும் ஆதாரமும் நெருங்கித் தொடும் இடம், பந்தங்கள் எனப்படும் உடற்பூட்டுகள். சித்தாசனத்தில் ஒரு குதிகால் மூலாதாரம் இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தையே அழுத்துகிறது. அங்கே தசையை மேல்நோக்கி இறுக்குவது மூலபந்தம். மூச்சை வெளியே விட்டு வயிற்றை உள்ளிழுப்பது உட்டியாண பந்தம். மோவாயைத் தொண்டைக்குழியில் பதிப்பது ஜாலந்தர பந்தம். பிராணனைச் சுழுமுனைக்குள் திருப்பும் வேலையை ஹடயோகம் இவற்றிடமும் மூச்சடக்கத்திடமும் ஒப்படைத்தது. அந்த வேலை நடக்க உடல் தளராமல் நிற்க வேண்டும். ஆசனத்தின் முதல் பயன் அதுவே.

இன்ன சக்கரத்துக்கு இன்ன ஆசனம் என்னும் பட்டியல்கள் அண்மைக்காலத்தவை; சக்கரங்களைப் பற்றிய இன்றைய பேச்சே கடந்த நூற்றாண்டு நூல்களின் வழி வந்தது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், பூர்ணானந்தரின் 16ஆம் நூற்றாண்டு நூலான ஷட்சக்ர நிரூபணத்தை 1919இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சென்னை அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் 1927இல் சக்கரங்களைப் பற்றித் தனி நூல் எழுதி, சுவாதிட்டானத்தின் இடத்தில் மண்ணீரல் சக்கரத்தை வைத்தார். வானவில்லின் ஏழு நிறங்களை ஏழு சக்கரங்களுக்கு வரிசையாகப் பிரித்துக் கொடுத்ததும் 20ஆம் நூற்றாண்டின் வேலைதான். பூர்ணானந்தரிடம் மணிபூரகத்தின் இதழ்கள் மழைமேக நிறம். இன்றைய படங்களில் அது மஞ்சள். அநாகதம் அவருக்குச் செந்நிறம், இன்று பச்சை.

இன்றைய பட்டியல்கள் பெரும்பாலும் உடலின் இடத்தைப் பின்பற்றுகின்றன. மூலாதாரத்துக்கு தாடாசனமும் மலாசனமும், சுவாதிட்டானத்துக்கு பத்தகோணாசனம், மணிபூரகத்துக்கு தனுராசனமும் நாவாசனமும், அநாகதத்துக்கு உஷ்டிராசனமும் மச்சாசனமும், விசுத்திக்கு சர்வாங்காசனமும் ஹலாசனமும். ஆக்ஞைக்கு எதைச் சொல்வது என்பதில் ஆசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை. மார்பு விரிந்தால் மூச்சு ஆழமாகிறது. நீண்ட வெளிமூச்சு நரம்புமண்டலத்தைத் தணித்து இதயத்துடிப்பைக் குறைக்கிறது. பயில்வோர் உணரும் அமைதி மெய்யானது. அதைச் சக்கரத்துக்கான சான்றாகக் காட்டுவது மட்டும் பொருந்தாது. உஷ்டிராசனத்தில் சில மூச்சு நேரம் இருந்துவிட்டு, பின் பத்மாசனத்தில் அமர்ந்து நெஞ்சு நடுவில் ‘யம்’ என்ற பீஜத்தை ஊன்றி நினைப்பவரின் பயிற்சி பழைய முறைக்கு நெருக்கமானது.

கழுத்தெலும்புத் தேய்மானமோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் சர்வாங்காசனத்தைத் தவிர்க்க வேண்டும்; கிளாக்கோமா உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களையே தவிர்க்க வேண்டும். மூச்சை அடக்கிச் செய்யும் பந்தங்கள் கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஆகாதவை. முறை தவறிய மூச்சடக்கத்தால் விக்கல், இரைப்பு, இருமல், தலை, காது, கண் வலிகள் வரும் என்று பிரதீபிகையே எச்சரிப்பதால், மற்றவர்களும் பந்தங்களைத் தேர்ந்த ஆசிரியரின் முன்னிலையிலேயே கற்க வேண்டும்.