ஆரவாரம் யாருடையது?

மகிழ்ச்சியை விலைக்கு வாங்க முடியுமா? யாழ்ப்பாணத்து மைதான ஓரத்தில் நின்று இக்கேள்வியை எழுப்புகிறோம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் பொருதிவரும் துடுப்பாட்டமே ‘வடக்கின் பெருஞ்சமர்’. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் தடைப்பட்டும் அது மடியவில்லை. அங்கே மேளமும் கூச்சலும் ஆட்டத்தோடு ஏறும், ஆட்டத்தோடு இறங்கும். இலக்கொன்று வீழ்ந்தால் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் மௌனமாகும். அம்மௌனமும் ரசிகனின் தீர்ப்பே.

2020இல், பெருந்தொற்றின்போது, அமீரகத்தில் நடந்த இந்திய பிரீமியர் லீக் ஆட்டங்களில் வெற்று இருக்கைகளின் நடுவே பதிவுசெய்யப்பட்ட ஆரவாரம் ஒலித்தது. நெருக்கடியின் ஏற்பாடுதான், எனினும் ஓர் உண்மையை அது அம்பலமாக்கியது. மக்களிடமிருந்து ஆரவாரத்தைப் பிரித்தெடுத்துப் பண்டமாக்க முடியும்! அவ்வாண்டே அம்பாந்தோட்டையில் லங்கா பிரீமியர் லீக்கின் முதற் கிண்ணத்தை யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி வென்றது. ஊரின் பெயர் களத்தில். ஊரவரோ தொலைக்காட்சியின் முன்னே.

அனுசரணையாளரின் பணமே ஆகாது என்போமா? மட்டை வாங்க வழியற்ற பிள்ளையிடம் அப்படிச் சொல்வது வசதியுள்ளவனின் அறம். பணம் தந்தவருக்கு நன்றியும் உண்டு. பதாகைக்கு இடமும் உண்டு. ஆனால் ஆட்டத்துக்கு உதவுவது வேறு, ரசிகனின் செவியையும் நாவையும் குத்தகைக்கு எடுப்பது வேறு. ஒலிபெருக்கி ஏவும்போதெல்லாம் கைதட்டப் பழகிய கூட்டம், அநீதி கண்டு தானாகக் குரலெழுப்பவும் மறந்துபோகும். நம் அச்சம் இதுவே.