விற்ற சரக்கு திரும்பி வந்தால்

 

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பைத் தேடும்பொழுது நம்மவர்கள் பேசிக்கொள்வது இப்பொழுதெல்லாம் ஒரே விஷயந்தான். "வியாபாரம் எப்படி, பாய்?" என்பார் ஒருவர். "எல்லாம் கைப்பேசிக்குள்ளே போய்விட்டது" என்பார் மற்றவர். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு அவரவர் பெட்டியடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவோம்.

2012-ல் லாசாடா வந்தது. 2015-ல் ஷாப்பி வந்தது. அப்பொழுது நாம் சிரித்தோம். துணியைத் தொட்டுப் பாராமல் எவன் வாங்குவான் என்றோம். 2020 மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நமது கடைக் கதவுகள் அடைபட்டன. ஜனங்கள் வீட்டிலிருந்தபடியே வாங்கப் பழகினார்கள். கதவு திறந்த பின்னும் அந்தப் பழக்கம் அவர்களை விட்டபாடில்லை. இன்று கடைக்கு வந்து, கைலியைப் பிரித்துப் பார்த்து, சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு, "பிறகு வருகிறேன்" என்று போகிறவர் வேறெங்கோ ஆர்டர் போடுகிறார். வெளிநாட்டிலிருந்து இணைய வழியாக வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத சரக்குக்கு 2024 ஜனவரி முதல் சர்க்கார் 10 சதவிகித விற்பனை வரி விதித்தது. அதனால் போன கூட்டம் நம் வாசலுக்குத் திரும்பியதாகத் தெரியவில்லை.

இவ்வகை வியாபாரம் மார்க்கத்திற்கு ஆகுமா என்று சிலர் கேட்கின்றனர். ஆகாது என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதிதான்! ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபொழுது அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே பணம் கொடுத்துப் பேரீச்சம்பழத்திற்கு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தனர். நாயகமவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்றே கட்டளையிட்டார்கள். இதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். சட்ட நுணுக்கங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. முன்பணம் கொடுத்துப் பின்னர் சரக்குப் பெறுவது புதிய சங்கதியன்று என்பது மட்டும் நமக்கு விளங்குகின்றது.

அங்கே குற்றமில்லை என்று நாம் சொல்லவில்லை. வாங்கும் எண்ணமில்லாதவன் விலையை ஏற்றிவிட நடுவில் புகுவதை நாயகமவர்கள் விலக்கினார்கள். சரக்கைக் கண்ணால் காணாதவனுக்குக் காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. 'இப்பொழுது வாங்கு, பிறகு கொடு' என்று ஆசை காட்டித் தவணை தப்பினால் மேற்கொண்டு தண்டம் கேட்பதும் உண்டு. நம் பற்று நோட்டில் அந்தக் கணக்கு ஏறுவதில்லை. கஷ்டப்படுகிறவனுக்குத் தவணை கொடுக்கும்படி குர்ஆன் சொல்வதை நம் பாட்டன்மார் அந்த நோட்டில்தான் நடத்திக் காட்டினார்கள்.

இனி நமது பக்கத்தைப் பார்ப்போம். நம் கடைகளில் முக்கால்வாசிக்கு மேல் ஒரு பலகை தொங்குகிறது: 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது.' நமது கடையிலும் தொங்கியது. வாப்பா காலத்துப் பலகை. யாரும் அதை வாசித்துப் பார்த்து யோசித்ததில்லை.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முன் ஒரு பெரியம்மாள் பேரனுக்கு 38 வெள்ளிக்கு ஒரு ஜுப்பா வாங்கினார். மறுநாளே கொண்டுவந்தார். தோளில் இறுக்கமாம். சீட்டு இருந்தது. அட்டைகூட அறுபடவில்லை. அந்த அளவுக்கு மேலளவு நம்மிடம் இல்லை. பெருநாள் நெருக்கடி வேறு. நாம் எழுந்திருக்கவுமில்லை, பலகையைக் கையால் காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஜுப்பாவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஐந்தடியில் இறங்கிப் போய்விட்டார். பல மாதம் கழித்துப் பேரன் அவ்வழியே போனான். "பாட்டியைக் காணோமே" என்றோம். "இப்ப எல்லாம் போனில்தான் மாமா வாங்குறோம். சரியில்லேன்னா அவங்க திரும்ப எடுத்துக்குவாங்க" என்றான் பிள்ளை.

விற்ற பொருளுக்காக வருந்தி வந்தவனிடமிருந்து அதைத் திரும்பப் பெற்று வியாபாரத்தை முறித்துக்கொள்பவனின் பிழையை அல்லாஹ் மன்னிப்பான் என்று நாயகமவர்கள் நவின்றதாக அபூதாவூதில் வருகின்றது. மதரஸாவில் இதை ஓதியவர்கள்தாம் நாம். ஓதிய நாம் பலகை மாட்டினோம். ஓதாத கம்பெனிக்காரன் லாபத்துக்காகவாவது அதைச் செய்கிறான். வாடிக்கைக்காரர் நம்மை விட்டுப் போனார் என்கிறோமே, அந்தப் பெரியம்மாளைப் பொறுத்தவரை நாமே அனுப்பிவைத்தோம்.

தானியக் குவியலுக்குள் நாயகமவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு கண்டித்த ஹதீதும் எல்லோருக்கும் தெரியும். படத்தில் காட்டுவது ஒன்று, பார்சலில் வருவது ஒன்று என்று அவர்களைக் குறை கூறுகிறோம். வெயிலில் வெளுத்த மடிப்பை உட்புறமாகத் திருப்பி அடுக்கும் கடைகளும் நம் தெருவில் இல்லாமலில்லை.

பலகையைக் கழற்றி 3 மாதமாகிறது. ஏழு நாளுக்குள் சீட்டோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம். 11 உருப்படி திரும்பி வந்தன. 9 மறுபடியும் விலைபோயின. மற்ற இரண்டில் ஒன்றில் குழம்புக் கறை. (அதையும் சிரித்துக்கொண்டே வாங்கினோம் என்று சொன்னால் பொய்யாகும்.) மொத்த விற்பனைக்காரர் நம்மிடமிருந்து திரும்ப எடுப்பதில்லை. ஆகையால் நஷ்டம் 61 வெள்ளி நம்முடையதே. பக்கத்துக் கடைக்காரர், "உங்களால் எங்களுக்குத்தான் தொல்லை, பாய்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயமில்லாமல் இல்லை. தனிக்கடை தாங்காததைத் தெரு முழுதும் பகிர்ந்துகொள்ள வழியுண்டா என்பதைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேச விரும்புகிறோம். ஜவுளிக்கடைச் சகோதரர்கள் தத்தம் கணக்கோடு வருவார்களாக.

பெரியம்மாள் வீட்டுக்கும் போனோம். ஜுப்பா அலமாரியில் அப்படியே இருந்தது. பேரன் அதைவிட வளர்ந்துவிட்டான். 38 வெள்ளியை நீட்டினோம். அவர் வாங்க மறுத்துவிட்டு, தேத்தண்ணீர் போட உள்ளே போனார்.

வஸ்ஸலாம்.