அபராதமும் நாணமும்



மோட்டார் வண்டிக்கும் சீலத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நம்மை வினவுகின்றனர். பகவான் காலத்தில் மோட்டார் இல்லை. ஆயினும் தேர் இருந்தது, சாரதி இருந்தான், பாதையில் நடப்போரும் இருந்தனர். தம்மபதம் சினத்தை அடக்குவதற்குத் தேரோட்டியையே உவமை காட்டுகிறது. ஆகவே கேள்வி புதியதன்று.

டில்லியில் 2019ஆம் ஆண்டு நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் தேதி திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புகைச் சோதனைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்கு 1,000 ரூபாயாயிருந்த அபராதம் 10,000 ரூபாய் வரை உயர்ந்தது. உடனே சோதனை நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. ஆகஸ்டு மாதத்திலும் அதே வண்டிகள் ஓடின. அதே புகையைக் கக்கின. நடைபாதையிலிருந்த குழந்தைகள் அதைச் சுவாசித்தனர். செப்டம்பரில் புதிதாய் வந்தது அபராதம் ஒன்றே.

தண்டனைக்கு அஞ்சுவது குற்றமன்று. ஆனால் அது போலீஸ்காரர் நிற்கும் சந்தி வரையில்தான் உடன்வரும். தீமை செய்ய நாணுதல், தீமையின் பயனுக்கு அஞ்சுதல் ஆகிய இரண்டையும், ஹிரி, ஒத்தப்பம் என்று பெயரிட்டு, உலகைக் காப்பன இவையே என்றார் பகவான். ஒருவரும் காணாத நள்ளிரவுச் சாலையிலும் இவை நம்மோடு வரும்.

ஜனங்கள் சொல்லும் நியாயங்களைச் சற்று ஆராய்வோம்.

‘வண்டி ஓடுகிறதே, பிறகு பழுது பார்க்கலாம்’ என்பர். பஞ்சாலையில் உழைத்த நாம் அறிவோம்: எந்திரம் பெரும்பாலும் சொல்லிவிட்டே கெடும். முதலில் முனகும், பின்பு சூடேறும், அதன்பின்னரே முறியும். பிரேக் கிறீச்சிடுவதும் அத்தகைய எச்சரிக்கையே. கேட்டும் கேளாதிருப்பது பமாதம், அதாவது அசட்டை.

‘வேகமாய்ச் சென்றாலும் நிறுத்தத் தெரியும்’ என்பர். வேகம் இருமடங்கானால், பிரேக்கை அழுத்திய பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. கைத்திறமை இக்கணக்கை மாற்றாது. மது அருந்தியவனுக்கோ பிரேக்கை அழுத்தும் நினைவே தாமதமாய் வரும். ஐந்தாம் சீலம் மதுவைப் பமாதத்திற்கு இடமென்றே விலக்குகிறது.

‘இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்பர். அது பணத்தை ஈடு செய்யும். போன உயிரை மீட்காது, கருமத்தையும் ஏற்காது. ‘ஓட்டியவன் டிரைவர்தானே’ என்னும் முதலாளி, உறக்கமின்றி ஓட்டச் சொன்னவர் யாரென்று தம்மையே கேட்கட்டும்.

காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைத்தெருவில் விற்பவருக்கும், கரோல்பாகில் பழுது பார்ப்பவருக்கும் இதே தம்மம்தான். தேய்ந்த பாகத்தைப் புதியதென்று மாட்டிக் கூலி வாங்கினால் இரண்டாம் சீலம் கெடும். அது பிரேக்கின் பாகமாயின் முதற் சீலமும் ஆட்டங்காணும். நேர்மையாய்த் திருகிய ஓர் ஆணியும் சம்மா ஆஜீவமே.

பாதையில் செல்வோரைக் காப்பதும் தம்மமே என்பதற்குச் சாட்சி டில்லியிலேயே நிற்கிறது. பிரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் தோப்ராவிலிருந்து கொணர்ந்து கோட்லாவில் நிறுவிய தூணில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழல் தரப் பாதையோரம் ஆலமரங்கள் நட்டதையும், கிணறுகள் வெட்டுவித்ததையும் அசோக சக்கரவர்த்தி பொறித்திருக்கிறார். எந்த அபராதத்திற்கும் அஞ்சி அவர் இதைச் செய்யவில்லை. இன்று அத்தூணின் அருகே பகதூர் ஷா ஜாபர் சாலையில் வண்டிகள் ஓயாது ஓடுகின்றன. ஆலமரம் நட நமக்கு நிலமில்லாதிருக்கலாம். மூச்சைக் கெடுக்காமலும் காலை முறிக்காமலும் வண்டி ஓட்ட நம்மால் முடியும்.

எனவே பௌர்ணமி உபோசதத்தில் சீலம் ஏற்கப் புறப்படுமுன், வண்டியுடையோர் டயரின் காற்று, பிரேக், விளக்கு, புகைச் சான்றிதழின் தேதி ஆகிய நான்கையும் பார்த்து வருவோமாக. கொல்லேன் என்று வாயாற் சொல்லுமுன் கையாற் செய்யும் சிறு பூஜை அதுவே.

சகல ஜீவர்களும் சுகமாய் வாழ்க!