ஆகார விவேகம்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்திருக்கும் திருப்புட்குழி, நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று என்பதையும், இராமபிரான் ஜடாயுவுக்கு ஈமக்கடன் ஆற்றிய தலமாகப் போற்றப்படுவது என்பதையும் அறிந்தவர் பலர். ஆனால், இளம் பருவத்து இராமாநுஜர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் கேட்ட ஊரும், சாந்தோக்கிய உபநிஷத்தின் ஒரு தொடருக்கு ஆசிரியர் உரைத்த பொருளைக் கேட்டுப் பொறாமல் மாணாக்கர் கண்ணீர் உகுத்த ஊரும் இதுவே என்று மரபு சொல்வதை நினைவில் வைத்திருப்போர் அவ்வளவு பேர் இரார். அந்தச் சாந்தோக்கியமோ, பிரம்மத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போதே இடையில் நிறுத்திச் சோற்றையும் பயற்றையும் பற்றிப் பேசத் தயங்காத நூல். நாட்பட்ட குடல் நோயால் வருந்தும் ஒருவர் புரதச் சத்தை எவ்வளவு உண்ணலாம் என்ற கேள்வி, வைத்தியரிடம் மட்டும் கேட்டு முடித்துவிடக் கூடியதென்று தோன்றினாலும், விரதமும் உபவாசமும் ஆசாரமும் ஊறிப்போன நம் வீடுகளில் அது தர்மசாஸ்திரக் கேள்வியாகவும் உருவெடுத்துவிடுகிறபடியால், அதை இந்த ஊரின் நூலை முன்வைத்துக்கொண்டு ஆராய்வது பொருத்தமேயாகும்.

அந்நூலில் உத்தாலகர் என்னும் ஞானி தம் மகன் சுவேதகேதுவை 15 நாட்கள் உண்ணாமல் இருக்கும்படியும், நீர் மட்டும் வேண்டிய அளவு அருந்தும்படியும் பணித்து, பதினாறாம் நாள் வேதத்தை ஓதச் சொல்லுகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலத்தில் கற்றுச் செருக்குடன் வந்த பிள்ளைக்கு ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. போய் உண்டு வா என்று அனுப்பிய பிறகு கேட்டவற்றுக்கெல்லாம் விடை வருகிறது. உண்ட அன்னத்தின் பருமையான கூறு மலமாகவும், நடுத்தரமான கூறு தசையாகவும், மிக நுண்ணிய கூறு மனமாகவும் ஆகிறது என்று தந்தை சொன்ன உபதேசத்துக்கு அந்தப் பட்டினி ஒரு பரீட்சை. உணவைக் குறைப்பதே ஞானத்துக்கு வாயில் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இக்கதையை இரண்டு முறை படிக்க வேண்டும். உபநிஷத்து இங்கே பட்டினியைப் புகழவில்லை. பட்டினி கிடந்தவனுக்கு வேதமே மறந்துபோயிற்று என்று எழுதி வைத்திருக்கிறது.

அதே சாந்தோக்கியத்தின் ஏழாம் அத்தியாயத்தில், ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்ற கருத்து வருகிறது. ஆகாரம் என்பதை ஐம்புலன்களால் உள்ளே கொள்ளும் விஷயானுபவம் என்று சங்கரர் கொண்டார். இராமாநுஜரோ உண்ணும் உணவென்றே கொண்டு, ஸ்ரீபாஷ்யத்தில் பக்தி சாதனங்கள் ஏழினுள் முதலாவதாகிய விவேகத்தை அந்த உணவுத் தூய்மையிலேயே நிறுத்தினார். பொருளின் இயல்பால் வரும் குற்றம், அதை உடையவனால் வரும் குற்றம், மயிரும் எச்சிலும் போன்றவை பட்டு வரும் குற்றம் ஆகிய மூன்றும் நீங்கிய அன்னம் என்பது அவர் வழியினர் கூறும் விளக்கம். எது, எவரிடமிருந்து, எந்நிலையில் என்ற மூன்று கேள்விகளுக்கு இதில் விடை இருக்கிறது. எவ்வளவு என்பதற்கு இல்லை. அந்த நான்காவது கேள்விக்குக் கீதையின் ஆறாம் அத்தியாயத்தை நாட வேண்டியிருக்கிறது. மிகையாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை என்று கண்ணன் அங்கே இரு பக்கமும் கதவைச் சாத்துகிறான். நம்மவர்களோ முதற்கதவை மட்டும் பெரிதாகப் பேசி, இரண்டாவதைத் திறந்தே வைத்துவிட்டார்கள்.

அதன் விளைவை ஓர் உதாரணத்தில் காணலாம். இவ்வட்டாரத்தில் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் ஒருவர், உடல் எடை 50 கிலோ, பெருங்குடல் புண்ணால் ஆண்டுக் கணக்கில் அவதிப்படுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். வயிறு கெட்டிருக்கிறது என்றவுடன் வீட்டார் பருப்பை நிறுத்துகிறார்கள், வாயு என்று; பாலை நிறுத்துகிறார்கள், மந்தம் என்று; முட்டையை நிறுத்துகிறார்கள், சூடு என்றும் பத்தியத்துக்கு ஆகாதென்றும். மிஞ்சுவது குழைந்த சோறும் தெளிவான ரசமும் நீர்மோரும். நாளொன்றுக்கு 150 கிராம் அரிசி உள்ளே போனால் அதில் புரதம் ஏறக்குறைய 11 கிராம். இரண்டு தம்ளர் நீர்மோரில் மூன்று நான்கு கிராம் இருந்தால் அதிகம். ஆகப் பதினைந்து. நோயில்லாத ஒருவருக்கே எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு. அதன்படி இவருக்கு 41 கிராமுக்குக் குறையக் கூடாது. குடல் அழற்சி மூண்டெழுந்திருக்கும் காலத்திலோ கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை, அதாவது 60 முதல் 75 கிராம் வரை வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் நெறிமுறை கூறுகிறது. அழற்சி தணிந்த பிறகு மற்றவர்களைப் போலக் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் போதும். வேண்டியதில் நாலில் ஒரு பங்கை உண்டுகொண்டு, பத்தியம் காக்கிறோம் என்ற மனநிறைவோடு, அந்த மனிதர் தொடைத் தசையும் தோள் தசையும் கரைந்து, தறிமிதியை மிதிக்கவும் வலுவற்றுப் போகிறார்.

நோயாளிக்கு ஏன் அதிகம் வேண்டும் என்றால், அழற்சி என்பது உடல் தன் தசையைத் தானே எரித்துக்கொள்ளும் நிலை. புண்பட்ட குடற்சுவரின் வழியே இரத்தமும் புரதமும் கசிந்து வீணாகின்றன. நோயை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் தசையைக் கரைக்கிறது. இவை போதாவென்று, உண்டதெல்லாம் உடலில் சேரும் என்பதற்கும் உறுதியில்லை. இதே சாலையில் மேற்கே போனால் வருகிற பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களில், 1960-களின் தொடக்கத்தில் நாட்பட்ட பேதி கொள்ளை நோயாகப் பரவியபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கரும் மாத்தனும் அதை ஆராய்ந்து, சிறுகுடல் சத்தை உறிஞ்சும் ஆற்றலை இழந்துவிடும் ஸ்புரூ என்னும் வியாதி அது என்று உலகறியச் செய்தார்கள். இலையில் விழுந்த அளவு ஒன்று, சரீரத்தில் சேர்ந்த அளவு வேறொன்று என்பதற்கு அந்தக் கிராமத்து ஏழைகளின் உடம்பே சான்றாயிற்று.

வைத்தியர்களும் ஒரு காலத்தில் குறைப்பதையே கட்டளையாக வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கல்லீரல் சுருங்கி அறிவு கலங்கும் நோயாளிக்குப் புரதத்தை ஏறக்குறைய நிறுத்திவிடுவது நெடுங்கால வழக்கம். புரதம் சிதைந்து பிறக்கும் அம்மோனியாவே மூளையைக் கெடுக்கிறது என்ற அச்சம் அதற்குக் காரணம். ஸ்பெயின் நாட்டில் நடந்து 2004-இல் வெளியான பரிசோதனை அந்தக் குறைப்பினால் பயனேதும் இல்லை என்று காட்டியது. இன்று அந்நோயாளிகளுக்கும் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் தரும்படி சொல்லுகிறார்கள். சிறுநீரகம் பழுதுற்றோர் கணக்கு தனி. அவர்கள் இந்த எண்களைப் பார்த்து இலையை நிரப்பலாகாது.

இனிப் பயற்றுக்கு வருவோம். திருப்புட்குழித் தாயார் மரகதவல்லிக்கு, வறுத்த பயற்றை முளைப்பிப்பவள் என்ற புகழ் உண்டு. மகப்பேறு வேண்டி வரும் பெண்கள், கோயிலில் தரும் வறுத்த பச்சைப்பயற்றை நீரில் நனைத்து, துணியில் முடிந்து, இரவில் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உறங்குகிறார்கள். விடியலில் முடிச்சை அவிழ்க்கும்போது பயறு முளைவிட்டிருந்தால் பிள்ளை உண்டு என்பது நம்பிக்கை. வறுபட்ட வித்து முளைக்காது என்பதை வேதாந்திகள் கர்மம் ஞானத்தால் எரிக்கப்பட்டதற்கு உவமையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்திருக்க, இந்த ஊர்த் தாயார் அதே வித்தை முளைக்க வைப்பதாகப் பெண்கள் நம்புவது எனக்கு எப்போதும் ஓர் இனிய குறும்பாகவே படுகிறது. அதிசயத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பயற்றை மட்டும் பார்த்தாலும் அதன் பெருமை குறைவதில்லை. உலர்ந்த பயறு 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 23 கிராம். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பயற்றுப் புரதத்தில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பாவும் ஊடையும் போல ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்புவதால், வெண்பொங்கலும் காஞ்சிபுரம் இட்லியும் வெறும் நைவேத்தியச் சுவைக்காக மட்டும் அமைந்தவை என்று சொல்ல முடியவில்லை. வயிற்றில் வாயுவை உண்டாக்குவது பயற்றின் புரதமன்று, அதிலுள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரை. ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, தோல் நீக்கிக் குழைய வேகவைத்தால் அது பெரிதும் குறைகிறது. முளைகட்டிய பயற்றைப் பச்சையாக மெல்லும் இக்காலத்து வழக்கம் புண்பட்ட குடலுக்கும், கிரோன் என்னும் குடல் அழற்சி நோயால் குடல் சுருங்கியவருக்கும் ஏற்றதன்று. நமது நெசவாளரின் இலையில் 60 கிராம் பாசிப்பருப்பும், அரை லிட்டர் பாலின் தயிரும், உண்ணும் வழக்கமுள்ள குடும்பமானால் இரண்டு முட்டையும் சேர்த்தால், அந்தப் பதினைந்து ஐம்பத்தைந்தைத் தாண்டிவிடும்.

முட்டை என்றதும் ஆசாரம் முகஞ்சுளிக்கும். இத்தலத்துக் கதைநாயகனாகிய ஜடாயுவுக்கு இராமன் மானிறைச்சியையே பிண்டமாக இட்டான் என்று வால்மீகி ஆரணிய காண்டத்தில் எழுதியிருப்பதை நான் இங்கே வாதத்துக்காக எடுத்துவரவில்லை. கொடுப்பவன் தன் ஆசாரத்தைப் பார்க்காமல் உண்பவன் இயல்பைப் பார்த்து இட்டான் என்ற அளவில் மட்டும் கவனிக்கத் தக்கது.

விரதத்துக்கும் குடல் நோய்க்கும் நேர்ந்த மோதலை இந்நாட்டில் காந்தியடிகளைப் போல ஒளிவின்றி எழுதி வைத்தவர் வேறொருவர் இல்லை. 1912-இல் தென்னாப்பிரிக்காவில், பசுவையும் எருமையையும் துன்புறுத்திக் கறக்கும் கொடுமையை அறிந்தும், பிரம்மசரியத்துக்கு இடையூறென்று கருதியும், பாலை விட்டுவிட்டார். 1918-இல் கேடா ஜில்லாவில் அலைந்து திரிந்து, நிலக்கடலையும் எலுமிச்சம்பழமுமாக உண்டுவந்த காலத்தில் சீதபேதி கண்டது. இலேசாக இருந்த நோயைப் பட்டினியால் சரிசெய்யலாம் என்று அவர் நினைத்திருக்க, ஒரு பண்டிகை நாளில் கஸ்தூரிபா நெய்க்குப் பதில் எண்ணெய் சேர்த்துச் செய்த கோதுமைப் பாயசத்தையும் ஒரு கிண்ணம் பச்சைப்பயற்றையும் எடுத்து வைத்தார். சிறிது உண்ண நினைத்தவர் வயிறு நிறைய உண்டார். ஒரு மணி நேரத்துக்குள் நோய் முற்றிவிட்டது. மருந்தை மறுத்தார், உணவையும் மறுத்தார், உடல் கூடாயிற்று. பம்பாயில் டாக்டர் தலால், பால் குடித்தாலன்றி உடம்பைத் தேற்ற இயலாது என்றார். விரதம் எடுக்கும்போது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையுந்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டவர் கஸ்தூரிபா. அடிகள் ஆட்டுப்பால் குடித்தார், பிழைத்தார்; விரதத்தின் எழுத்தைக் காத்து உயிர்ப்பொருளைக் கொன்றுவிட்டேன் என்று சுயசரிதத்தில் வருந்தினார்; செரிமானம் குன்றியோர்க்கும் படுக்கையில் கிடப்போர்க்கும் பாலுக்கு ஈடான இலேசான சத்துணவு வேறில்லை என்பதையும் அதே நூலில் ஒப்புக்கொண்டார். அந்த வருத்தம் அவருடைய மேன்மையைக் காட்டுகிறது. ஆயினும் அவ்விடத்தில் தர்மத்தைச் சரியாக நிறுத்தவர் கஸ்தூரிபாவே என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஏனெனில் சாந்தோக்கியம் இதற்கு ஒரு முன்னுதாரணத்தை வைத்திருக்கிறது. குருநாட்டில் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது உஷஸ்தி என்னும் வேதியர், யானைப்பாகன் ஒருவன் தின்றுகொண்டிருந்த மட்டமான பயற்றை யாசித்து, எச்சிலாயிற்றே என்று அவன் கூச்சப்பட்டும், வாங்கி உண்டார். கூடவே அவன் நீட்டிய நீரை மட்டும் எச்சில் என்று மறுத்தார். பயறும் எச்சில்தானே என்று பாகன் மடக்கியபோது, அதை உண்ணாவிட்டால் நான் உயிரோடிரேன், நீரோ எனக்கு வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்றார். மிச்சத்தை மனைவியிடம் கொடுக்க, அவள் எடுத்து வைக்க, மறுநாட் காலை அதையும் உண்டு, அரசன் வேள்விக்குப் போய்ப் புரோகிதர்களைக் கேள்வி கேட்டார். உயிருக்கு ஆபத்தான காலத்தில் மட்டுமே எவ்வுணவும் அனுமதி என்று பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இக்கதையை வைத்தே முடிவு கட்டுகிறது. இராமாநுஜரும் அங்கே அதை ஏற்கிறார். ஆசாரத்தை மொத்தமாக உதறியவரும் அல்லர் உஷஸ்தி, மொத்தமாகக் கட்டிக்கொண்டு மடிந்தவரும் அல்லர். பயற்றுக்கும் நீருக்கும் நடுவே அவர் இட்ட கோடு அவருடைய அன்றைய உடல்நிலை இட்ட கோடு.

நாட்பட்ட நோயாளிக்கு அந்தக் கோடு மாதத்துக்கு மாதம் இடம் மாறும் என்பதே சங்கடம். அழற்சி மூண்ட மாதத்தில் 60 கிராம் கடமை. தணிந்த மாதத்தில் 50 போதும். புரத மாவுப் பொட்டலத்தை வாங்கி 120 கிராம் குடித்தால் வீரம் என்று நினைப்பது வேறொரு மூடபக்தி. ஏகாதசி வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு விதுரர் மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலேயே பதில் சொல்லிவிட்டார்: நீர், கிழங்கு, கனி, பால், அவிசு, அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து என்ற எட்டும் விரதத்தைக் கெடுப்பதில்லை. அந்த எட்டில் பால் ஒன்று, மருந்து ஒன்று. ஆகவே ஏகாதசியன்று நமது நெசவாளர் மாத்திரையை விழுங்கிப் பாலும் தயிரும் அருந்தலாம்; மறுநாள் பாரணைக்கு வீட்டார் அகத்திக்கீரையை நறுக்கிக்கொண்டிருந்தால், புண் ஆறும் வரையில் அதை மற்றவர்களுக்கு வைத்துவிட்டு, இவருக்குப் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து இடட்டும்.