கீழ்வீட்டுக்கும் கேட்கிற விளையாட்டு

சப்வூஃபரை யாரும் தேவைக்காக வாங்குவதில்லை. கணினியில் சுட்டு விளையாடுகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஜெயிக்க வேண்டுமானால் ஹெட்போன் போதும் என்பார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலோ வேலரன்ட்டிலோ எதிராளி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்பதைக் காலடிச் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். அந்தத் துப்பு பெரும்பாலும் நடு, மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. அடிநாதம் பெருத்துவிட்டால் அது மேலே உள்ள நுணுக்கமான ஓசைகளை விழுங்கிவிடும். காதின் அமைப்பே அப்படி. ஆகவே ஊஃபர் பெட்டி ஆட்டக்காரனைக் கெட்டிக்காரன் ஆக்குவதில்லை. அவனைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது என்றுகூடச் சொல்லலாம். அது முழுக்க முழுக்கச் சுகத்துக்காக வாங்குகிற சாமான். அப்படி ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது: வாங்கியவன் காசு கொடுத்துவிட்டான், சரி. அந்தச் சுகத்துக்கு வேறு யாரெல்லாம் கொடுக்கிறார்கள்?

வேலை நிமித்தம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். இருட்டிவிட்டால் இங்கே போக்கிடம் கிடையாது. நெட் சிக்னல் மேகத்தைப் பார்த்து வரும், மேகத்தைப் பார்த்துப் போகும். நாலு பேரோடு சேர்ந்து ஆன்லைனில் ஆடுவதெல்லாம் நமக்குச் சரிப்படாது. தனியாக, நிதானமாக ஆடுகிற ஆட்டங்கள்தான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் கதையைக் கிடப்பில் போட்டுவிட்டு, குதிரையை அதன் போக்கில் நடக்கவிட்டு, காடு மேடெல்லாம் திரிவது என் வழக்கம். சன்னலுக்கு வெளியே நிஜக் காடு இருக்கும்போது திரைக்குள் ஏன் அலைகிறாய் என்று கேட்டால், நிஜக் காட்டில் ராத்திரி திரிய எனக்குப் பயம் என்பதுதான் பதில்.

ஊஃபர் வாங்கும்வரை மானிட்டருக்குள்ளேயே இருந்த சின்ன ஸ்பீக்கரில்தான் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது போதவில்லை என்பதே எனக்குத் தெரியாது. தெரியாததற்கு மூளைதான் காரணம். உள்ளங்கையில் அடங்குகிற கூம்பால் அடிநாதத்தை எழுப்ப முடியாது. ஓசை ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சின்னக் கூம்புக்கு அவ்வளவு இடமில்லை. ஆனால் அடிச்சுரம் வராவிட்டாலும் அதன் மேற்சுரங்கள் வந்தால் போதும், மூளை அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். செல்போனில் அப்பாவின் குரல் அப்பா குரலாகக் கேட்பது இந்தத் தயவில்தான். பல வருடமாக என் மூளை சம்பளமில்லாமல் ஊஃபர் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் வாங்கினேன். நாலு அங்குலக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் ஒரு ஜோடி, எட்டு அங்குல சப்வூஃபர் ஒன்று. அந்தத் தெருவில் நின்றால் அட்டைப் பெட்டிகளில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு கணம்கூடத் தாங்காத உச்சத்தைக் கணக்குப் போட்டுப் பெருக்கிய எண் அது. ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். போளூரிலிருந்து மேலே வருகிற பஸ்ஸில் கண்டக்டர் பெட்டிக்கு லக்கேஜ் போட்டார். ‘ஃபிரிட்ஜா சார்?’ என்றார். மலையில் ராத்திரி போர்வையில்லாமல் தூங்க முடியாது என்று தெரிந்தே கேட்டார்.

மாட்டியதும் முதலில் வந்தது இசையல்ல, ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். கல்யாணம், காதுகுத்து, திருவிழாவுக்கெல்லாம் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிற பையன் ஒருவன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். வாசல்படி ஏறும்போதே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ‘கரண்டு பாடுது சார்’ என்றான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. கணினி ஒரு சாக்கெட்டில், ஊஃபர் இன்னொரு மூலையில் வேறு சாக்கெட்டில். இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி, அந்த அலைவு ஒலிக்கம்பிக்குள் ஏறிவிட்டது. சின்ன ஸ்பீக்கராக இருந்தால் 50 ஹெர்ட்ஸைச் சொல்லவே தெரியாது. ஊஃபருக்கு அதுதான் தாய்மொழி. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினான், நின்றுவிட்டது.

பிறகு ஊஃபரை எங்கே வைப்பது என்று ஒரு மணிநேரம் அலைக்கழித்தான். அதை என் நாற்காலிமேல் தூக்கி வைத்து, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, தான் தரையில் மண்டிபோட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்தான். எந்த இடத்தில் அடி சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், நாற்காலியில் உட்காருகிறவனுக்கும் அப்படியே கேட்குமாம். வெளிநாட்டு ஆடியோ பொறியாளர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். இவன் யாரிடமும் கற்கவில்லை, பந்தல் பந்தலாக அலைந்து கற்றது. என் அறையின் அகலம் பத்தடி. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், 56 ஹெர்ட்ஸ் அலை இரு சுவர்களுக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்தி நின்றுவிடும் என்று வருகிறது. அந்தச் சுரம் சுவரோரம் வீங்கிக் கேட்கும், நட்டநடுவில் காணாமலே போகும். ஆட்டத்தில் ஒரே வெடிச் சத்தம், நாற்காலியை நகர்த்தினால் இடியாகவும் இருமலாகவும் மாறிமாறிக் கேட்டது. ஸ்பீக்கருக்குக் கொட்டுகிற காசில் பாதி அறைக்குத்தான் போய்ச் சேர வேண்டும்போல.

அன்று ராத்திரி ஆட்டத்தில் ஓடையோரம் கூடாரம் போட்டுப் படுத்தேன். சில்வண்டு சத்தம். திரையை நிறுத்தினேன். சில்வண்டு நிற்கவில்லை. நிற்காதது சன்னலுக்கு வெளியே இருந்தது. எது எதுவென்று பிரித்துச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் இதே ஜோடியைச் சென்னையில் நண்பன் வீட்டில் கேட்டிருக்கிறேன். அங்கே ஃபேன், ஏசி, பக்கத்துத் தெரு ஆட்டோ எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்றால்தான் ஆட்டத்தின் ஓசையே காதில் விழும். அதனால் வால்யூமைக் கூட்டுகிறார்கள், கூட்டக் கூட்ட நுணுக்கம் போகிறது. இங்கே அறையில் ஃபேன்கூடச் சுற்றவில்லை. குதிரை மூச்சு விடுவது, சேணத்தோல் கிறீச்சிடுவது, தூரத்து இடி உருண்டு போய் மலைக்குப் பின்னால் விழுவது எல்லாம் தணிந்த ஒலியிலேயே வந்தன. என் செட்டின் ஆக விலை உயர்ந்த பாகத்தை நான் வாங்கவில்லை. அது ஊருக்குச் சொந்தமான நிசப்தம்.

தணித்து வைத்தால் அடிநாதம் முதலில் மறையும் என்பதும் உண்மை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து சொன்னது இது. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெலாக இருக்கிற ஓசைக்குச் சமமாக 50 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் 70 டெசிபெலுக்கும் மேலே வேண்டும். ஆகவே மற்றதெல்லாம் மெல்லிசாக இருக்க, ஊஃபரை மட்டும் கொஞ்சம் ஏற்றிவைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஏற்றினேன். தணிந்த ஒலி, நிறைந்த அடி. இதைவிடச் சாதுவான பொழுதுபோக்கு உண்டா என்று நினைத்தேன்.

‘ராவுல மேல சாமை குத்துறீங்களா சாரு?’

கீழ்வீட்டுப் பாட்டி கேட்டது. கேலியா, நிஜமான சந்தேகமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வாசலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே கேட்டார். உரலில் உலக்கை விழுகிற தாளத்தைக் கேட்டு வளர்ந்தவர். இடைவெளி விட்டு விழுகிற அந்த ‘தொம்’ அவருக்குத் தெரிந்த சத்தம், ராத்திரி பதினோரு மணிக்கு யார் குத்துகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. துப்பாக்கி, குதிரை, ஓடை, இடி என்று நான் மாடியில் அனுபவித்த அத்தனை நுணுக்கத்தையும் காங்கிரீட் தளம் வடிகட்டிவிட்டது. உலக்கையை மட்டும் கீழே அனுப்பியது. தடுப்பு எதுவாக இருந்தாலும் அதிர்வெண் பாதியானால் அது தடுக்கிற திறன் சுமார் 6 டெசிபெல் குறையும் என்பது பொது விதி. போதாததற்குப் பெட்டியின் கால்கள் தளத்தில் நேரடியாக ஊன்றி நிற்கின்றன.

நகரத்தில் இது யாருக்கும் கேட்டிருக்காது. லாரி உறுமலில் கரைந்துபோயிருக்கும். என் ஸ்பீக்கரை நல்ல ஸ்பீக்கராக்கிய அதே அமைதிதான் பாட்டிக்கு உலக்கைச் சத்தத்தையும் துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது. எனக்கு வரவு, அவருக்குச் செலவு, இரண்டும் ஒரே கணக்கிலிருந்து.

இருட்டுக்கும் இதே கணக்குதான். இங்கிருந்து ஆலங்காயம் போகிற வழியில் காவலூர் இருக்கிறது. 1960-களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு அங்கே தொலைநோக்கி வைத்ததற்கு இந்த மலையின் இருட்டும் ஒரு காரணம். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, அந்த நட்சத்திர வெளிச்சம் இலேசாகக் குறைந்து மீண்டதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. பாப்புவின் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது. அவ்வளவு மங்கிய ஒளியைப் பார்க்க முடிகிற இடத்தில், பக்கத்து ஊரில் எரிகிற ஒரு தெருவிளக்கும் இடைஞ்சல்தான். விளக்குப் போட்டவர் மேல் குற்றமில்லை, அவருக்கு வெளிச்சம் வேண்டும். சென்னையில் அதே விளக்கை யாரும் பொருட்படுத்தப் போவதுமில்லை. இருட்டும் அமைதியும் மிச்சமாக இருக்கிற இடத்தில்தான் சின்னச் செலவும் கண்ணில் படுகிறது.

சட்டத்தைப் பார்த்தேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45. அந்த அளவு ‘ஏ’ எடையிட்ட டெசிபெல். அதாவது மனிதக் காது கேட்கிற விதத்தை ஒட்டி, கீழ் ஓசைகளைக் கழித்துக்கொண்டு எண்ணுகிற மீட்டர். 50 ஹெர்ட்ஸில் அது 30 டெசிபெலைக் கழித்துவிடும். கீழ்வீட்டில் 75 டெசிபெலுக்கு 50 ஹெர்ட்ஸ் ஓசை இறங்கினாலும் மீட்டர் 45 என்று காட்டும். சட்டப்படி நான் யோக்கியன். மீட்டரைக் குறை சொல்ல முடியாது, அது காதுக்காகச் செய்தது. பாட்டி பாய் விரித்துச் சுவரோரம் படுக்கிறவர். சுவரிலும் தரையிலும் ஏறிவருகிற அதிர்வு அவர் முதுகுக்குத் தெரியும். முதுகுக்கு மீட்டர் கிடையாது.

ஊரில் திருவிழா வந்தால் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடியவிடியப் போடுகிறார்களே, கோடை விழாவில் மேடை அதிர்கிறதே, அதற்கு முன்னால் என் எட்டு அங்குலம் எம்மாத்திரம் என்று ஒரு வாதம் வரும். நானே எனக்குள் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. திருவிழாச் சத்தத்தில் பாட்டிக்கும் பங்கு உண்டு. வரி கொடுத்திருக்கிறார், பேரன் மேளத்துக்கு முன்னால் ஆடுகிறான், தூக்கம் போனாலும் அது அவருடைய திருவிழா. தாங்க முடியாத உடம்புக்காரர்களுக்கு அதுவும் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் என் குதிரைச் சவாரியில் பாட்டிக்கு ஒரு பங்கும் இல்லை. கேட்பவன் ஒருத்தன், கொடுப்பவர்கள் ஒரு வீடு.

ஹெட்போன் மாட்டினால் தீர்ந்தது என்பீர்கள். பத்து மணிக்கு மேல் அதைத்தான் மாட்டுகிறேன். ஆனால் ஹெட்போனில் இடி காதோடு நின்றுவிடுகிறது, நெஞ்சுக்கு வருவதில்லை. மாட்டிக்கொண்டால் வெளியே மழை பிடித்தாலும் தெரியாது, வாசலில் யாராவது கூப்பிட்டாலும் கேட்காது. கிடைத்த அமைதியைக் காதை அடைத்துக்கொண்டு அனுபவிப்பதாக இருந்தால் இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்க வேண்டியதில்லை. அதனால் பகலிலும் முன்மாலையிலும் ஊஃபர். பெட்டிக்கு அடியில் கனத்த ரப்பர் மெத்தை. பாட்டி வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பகலிலும் ஊஃபர் இல்லை.

இதற்கும் ஒரு சாமான் இருக்கிறது. நாற்காலிக்கு அடியில் திருகி மாட்டுகிற அதிர்வுக் கருவி. காற்றை அசைக்காது, உட்கார்ந்திருப்பவனை மட்டும் உலுக்கும். குண்டு வெடித்தால் எனக்கு மட்டும் வெடிக்கும். அனுபவிக்கிறவனே முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கிற ஏற்பாடாகப்பட்டது. படத்தைச் சவுண்ட் சர்வீஸ் பையனிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தான், திருகு எங்கே விழுகிறது என்று பார்த்தான், விலையைப் பார்த்தான்.

‘நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நாற்காலியும் தரையிலதானே நிக்குது?’