தரையில் விழுந்த பூ

கரிசலில் மகிழம் வராது என்று தெருவே சொன்னது. அம்மா வைத்தாள். திருத்தங்கலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 3 அடிக்குக் குழி வெட்டி, கரிசலில் பாதியை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, செம்மண்ணும் ஆற்றுமணலும் மக்கிய சாணியும் கலந்து நிரப்பினாள். கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிக்கும்போது இளவேரையும் அறுத்துவிடும். ஐப்பசி மழையில் தண்ணீரைக் கட்டி வைத்துக்கொண்டு அதே வேரை அழுகடிக்கும்.

அம்மாவுக்குப் பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் திரும்பும்போது முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி, வெள்ளி பூசியது மாதிரி. சோப்பு, புளி, தவிடு என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் கைரேகைக்குள் இறங்கியது மட்டும் போகாது. அந்தக் கையால்தான் கன்றைப் பார்த்துக்கொண்டாள். குடத்துத் தண்ணீரை அளந்து செலவழித்த காலம். மண்கலயத்தின் அடியில் துளை போட்டு, பழந்துணியைத் திரித்துத் திரியாகச் செருகி, கன்றுக்குப் பக்கத்தில் புதைத்தாள். கலயத்துத் தண்ணீர் இரண்டு மூன்று நாளைக்கு வேரடியில் கசிந்துகொண்டே இருக்கும். மேலே சருகு மூடாக்கு.

மகிழம் அவசரப்படாத மரம். வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும், வளர்வது கண்ணுக்குத் தெரியாது. எங்கள் மரம் பத்தாவது வருஷம் வைகாசியில் பூத்தது. ராத்திரி மலர்ந்த பூ விடிவதற்குள் உதிர்ந்து கிடக்கும். அதைப் பொறுக்கத்தான் முடியும். சின்னச் சக்கரம் போன்ற பூ, நடுவில் துளை. முடிச்சே வேண்டாம், நூலில் அப்படியே கோக்கலாம்.

முதல் சரத்தைக் கோத்து முடித்துவிட்டு அம்மா கேட்டாள்: “தரையில கெடந்த பூவு. மருந்துக் கை. பெருமாளுக்கு ஆகுமா தாயி?”

நான் அப்போது கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். பூவுக்கு உடனே பதில் சொன்னேன். உதிர்ந்த பூ பூஜைக்கு ஆகாது என்றாலும் பவழமல்லிக்கும் மகிழம்பூவுக்கும் விலக்கு உண்டு. நம்மாழ்வாருக்கே வகுளாபரணர் என்று பேர், வகுளம் என்றால் மகிழம்தான் என்றேன். கைக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை 13, 14ஆம் நூற்றாண்டுகளிலேயே வைணவப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அடியவனின் குற்றத்தைப் பகவான் என்ன செய்கிறான்? பொருட்படுத்தாமல் விடுகிறான் என்பது வேதாந்த தேசிகர் வழி. அந்தக் குற்றத்தையே உகந்து ஏற்கிறான், ஈன்ற பசு கன்றின் மேலிருக்கும் அழுக்கை நக்குவதுபோல என்பது பிள்ளை லோகாச்சாரியார் வழி. அதற்குப் பேர் வாத்சல்யம்.

வெகுகாலம் எனக்கு தேசிகர் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. அம்மாவின் கையில் ஏறியது பாவக் கறை இல்லை, பிழைப்புக் கறை. அதைப் பெருமாள் உகக்கிறார் என்று சொன்னால், அந்தப் பொடியையும், மருந்து அறையில் எந்த நேரமும் கூடவே இருந்த பயத்தையும் அவர் உகந்ததாக ஆகிவிடாதா? ஒரு சத்தம் கேட்டாலே தெருவில் பெண்டுகள் வாசலுக்கு ஓடிவந்து புகை எந்தத் திசையில் என்று பார்க்கிற ஊர் இது. அந்தப் பயத்தைப் புனிதமாக்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டில் பசு கன்று போட்டதைக் கிட்டே நின்று பார்த்தேன். சவ்வும் சளியுமாகக் கிடந்த கன்றை அது நக்கிக்கொண்டே இருந்தது. கன்று சுத்தமாகட்டும் என்று காத்திருக்கவில்லை. அழுக்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. கன்று அந்த அழுக்குக்குள் இருந்தது, அதனால் நாக்கும் அங்கே போனது. லோகாச்சாரியார் சொன்ன உகப்பு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஆலைக்காரர்களின் பொறுப்பை அது துளியும் குறைக்காது என்பதும் கூடவே பிடிபட்டது. அந்த உகப்புக்குச் சாட்சி பக்கத்திலேயே இருந்தது: 20 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தான் சூடிப் பார்த்த மாலையைத்தான் பெருமாளுக்குக் கொடுத்தாள். அவள் சூடிக் களைந்த மாலை இன்றைக்கும் புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது.

இதெல்லாம் தெரியாமலே, முதல் சரம் கோத்த அன்றைக்கு நானும் அம்மாவும் எங்கள் ஊர் நின்ற நாராயணப் பெருமாளைப் பார்க்க மலையேறினோம். சரத்தில் ஒரு பூவின் விளிம்பில் வெள்ளித் துகள் மினுங்கியது. அம்மா முந்தானையால் ஒற்றிப் பார்த்தாள். வரவில்லை. பட்டர் தட்டை நீட்டினார். அம்மா ஒரு கணம் தயங்கிவிட்டு வைத்தாள்.